தூண்டில் முள்

மூன்று இருபது.
செங்காங், பதினோராம் மாடி.
எதிர் புளோக்கிலும் ஒரு விளக்கு எரிகிறது,
அங்கே யாருக்கு என்னவோ.
அகரன் முழங்காலை வயிற்றுக்கு இழுக்கிறான்,
உதறுகிறான், இழுக்கிறான்.
முகம் ரம்புத்தான் சிவப்பு.

மின்தூக்கி பழுதுபார்ப்பவன் நான்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுபோன பெட்டிக்குள்
ஆள் தட்டும் சத்தம் எனக்குப் பழக்கம்.
ஐந்து மாத வயிற்றுக்குள்
காற்று அப்படித்தான் தட்டுகிறது.

சுபாஷினிக்கு இரவு முறை,
சாங்கி சரக்கு முனையம்.
ஏழாகும் வர.

அலமாரியில் இரண்டு புட்டி.
ஒன்று இவனுடையது,
ஒன்று துளிர்மதியுடையது, அவளுக்கு ஐந்து வயசு.
இரண்டிலும் ஆரஞ்சு மூடி,
இரண்டிலும் அதே சிரிக்கிற முயல்.
அக்காள் மருந்தில் பாதி தம்பிக்கு என்று
கணக்குப் போட முடியாது.
"இவர் பாதி ஆள் இல்லீங்க, வேற ஆள்,"
என்று மருந்தகத்துப் பெண் அன்றே சொன்னாள்.
பெயரைப் படித்தேன்.
திறந்த தேதியைப் படித்தேன்.
கரண்டிக்குப் போன கை திரும்பி வந்தது:
எங்கள் வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒரு வயிறு.
புட்டியோடு வந்த பிளாஸ்டிக் குழாய்தான்,
அதில் மயிரிழைக் கோடு,
புள்ளி மூன்று.

நேற்று மாலை ஹுவே லிங்
கம்பிக் கதவு வழியே ஒரு தைலம் நீட்டினாள்.
தொப்புளைச் சுற்றித் தேய், என் மூன்றும் இதில்தான் வளர்ந்தது.
மூடியைத் திருகியதும் கற்பூரம்.
அகரனின் சுகாதாரப் புத்தகத்தில்,
பிறந்த வாரமே எழுதிவிட்டார்கள்,
ஜி-சிக்ஸ்-பி-டி குறைவு.
கற்பூரம் ஆகாது இவனுக்கு.
சொன்னேன். கோபப்படவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
லேபிளின் எறும்பு எழுத்தை முதல்முறையாகப் படித்தாள்,
ஒரு படமும் எடுத்துக்கொண்டாள், பேரனுக்காக.

குழாயில் இழுத்தாயிற்று.
அப்போதுதான் குளிர்பெட்டியில் காந்தம் பிடித்த காகிதம்.
சுபாஷினியின் கையெழுத்து: ஒன்பதரை, புள்ளி மூன்று.
அதன் கீழே ஒரு கிறுக்கல்.
தூண்டில் முள் மாதிரி.
துளிர்மதி வரைந்திருப்பாள் என்று
வாய்க்கருகே கொண்டுபோன குழாய்
அங்கேயே நின்றது.

எங்கள் வேலையில் ஒரு சிவப்பு அட்டை உண்டு.
மின்சாரத்தை நிறுத்தியவன் தன் பெயரைத் தொங்கவிடுவான்.
அட்டை யாருடையது என்று தெரியாமல்
எவனும் விசையில் கை வைக்க மாட்டான்.
வைத்த ஒருவனை எனக்குத் தெரியும்.

நிலாரின் அறைக் கதவைத் தட்டினேன்.
அரைத்தூக்கத்தில் வந்தாள்,
காகிதத்தைப் பார்த்தாள்,
இரண்டு விரல் காட்டினாள்.
"இரண்டு மணி, சார். நீங்க தூங்கினீங்க. கொடுத்தேன்."
மியன்மாரில் இரண்டு என்பது
தூண்டில் முள்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகவில்லை.
குழாயில் இருந்ததைக் கழுவும் தொட்டியில் விட்டேன்.
அவன் என்னைப் பார்த்து அழுதான்,
எல்லாம் புரிந்தவன் போல.

பிறகு நடந்தோம்.
கூடம், சமையலறை, கூடம்.
நிலார் அவன் கால்களை மிதிவண்டி மிதிக்க வைத்தாள்.
நான் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்:
மெத்தென்றுதான் இருக்கிறது.
காய்ச்சல் இல்லை.
பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம்,
கல்லாகிப்போன வயிறு,
இதில் ஒன்று வந்தாலும் டாக்சி, நேராகக் குழந்தைகள் மருத்துவமனை.
காலணி வாசலிலேயே கிடந்தது, பர்ஸ் அதன் மேல்.

நாலு ஐந்துக்கு,
என் தோளில், ஒரு சத்தம்.
நீளமாக, கௌரவமாக.
பெட்டி தரைத்தளம் வந்து சேர்ந்து
கதவு திறந்த மாதிரி.
நிலார் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

ஏழுக்கு சுபாஷினி பையைக்கூட இறக்காமல்
காகிதத்துக்கு முன் நின்றாள்.
முள்ளுக்குப் பக்கத்தில் நான் எழுதிய 2.
அதன் கீழே, நிலார் சொல்லித்தந்து நான் போட்ட நாலு,
கோணலாக, எதிர்ப்பக்கம் திரும்பி.
"இது என்ன பாம்பு?"
"மருந்து இல்லை," என்றேன்.
"அவன் தூங்கின நேரம்."